இருவர் எண்ணிய நாடி

என் மனைவியைத் தோணியில் ஏற்றிய காலையில், துறையில் நின்றவர்களில் ஒருவர்கூட அவளிடம் போய்வா என்று சொல்லவில்லை. பெண்கள் சீலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் தோணியைத் தள்ளிவிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். படுத்தபடி எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குத் தோணி ஏறியவர் படுத்தபடிதான் திரும்பி வருவார் என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், எல்லாரும் அறிந்த பேச்சு. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததே அவர்கள் எங்களுக்குக் காட்டிய மரியாதை.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மட்டக்களப்புச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணத்தோடு மனைவி வீட்டுக்குப் போய்விட்டவன். வீடும் வளவும் அவளுடையவை. அந்த வீட்டில் கடைசிச் சொல் அவளுடைய தாயுடையது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு வாரமாக நான் சொன்னது எடுபடவில்லை. காய்ச்சலில் அவள் தன் குழந்தையையே அடையாளம் தெரியாமல் பார்த்த அன்றுதான் மாமி எழுந்து, "தோணியப் புடிங்க மருமகன்" என்றார். இரண்டு வயதான எங்கள் மகளை மனைவியின் தங்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விட்டாள், தாய் போவதைக் குழந்தை பார்க்கக் கூடாதென்று.

நோய் நெருப்புக் காய்ச்சல், டாக்டர் மொழியில் டைபாய்டு. டாக்டர் என்னை விறாந்தைக்குக் கூட்டிவந்து சுருக்கமாகச் சொன்னார். குடலில் புண் வந்திருக்கிறது. அதை ஆற்றுவதற்கு மருந்து கிடையாது. நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். நீராகாரம் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது. உடம்பைத் துடைத்துத் துடைத்துச் சூட்டைக் குறைத்துக்கொண்டு, புண் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். "நான் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வந்து பார்ப்பன். மற்றதெல்லாம் அவங்கட கையில" என்று உள்ளே நின்ற தாதிமாரைக் காட்டினார்.

பெண்கள் வாட்டு நீண்ட ஒரே அறை. மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் வாவியைப் பார்த்திருந்தன. பகலில் தண்ணீரின் ஒளி உள்கூரையில் விழுந்து ஓயாமல் நடுங்கும். அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்களுக்குக் காய்ச்சல் கூடும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஆண்கள் மதியத்திலிருந்து பிற்பகல்வரைதான் உள்ளே நிற்கலாம். மனைவி பிதற்றிக்கொண்டிருந்ததால் மாமி கூடவே தங்க அனுமதித்திருந்தார்கள்.

வாட்டில் மாறி மாறி வேலை செய்த தாதிமார் இருவர். மூத்தவர் மட்டக்களப்பிலேயே பிறந்த பறங்கிப் பெண். ஐம்பதை நெருங்கியவர், கனத்த உடம்பு, மார்பில் ஒரு கடிகாரம் தொங்கும். வீட்டில் போர்த்துக்கேயம் பேசுவார், வாட்டில் எங்கள் தமிழைப் பேசுவார். இளையவர் யாழ்ப்பாணத்தார். ஒல்லியானவர், விரைவாக நடப்பவர். இவர்களுக்கு உதவியாக ஓர் ஆயா. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயும் பெரிய குரலும் பருத்த உடம்பும் உள்ளவர். எங்கள் கரைக்காரி. அவருடைய அக்கா எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில்தான் இருந்தார்.

தாதிமார் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்குமிடத்தில் மூத்தவர் வளர்த்த கோழிகள் இளையவர் நட்ட கீரையைக் கிளறிவிட்டன என்பது காரணம். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை ஆயா மூலம் சொல்வார்கள், மற்றவர் நான்கு அடி தள்ளி நின்றாலும்.

"ஆயா, நாலாம் கட்டில்காரிக்கு உடம்பு துடைச்சாச்செண்டு அவவிட்டச் சொல்லுங்கோ."

"ஆயா, எனக்குக் காது கேக்குமெண்டு அவவுக்குச் சொல்லு."

"ரெண்டு பேரிட தபாலும் இந்த ஆயாதான்" என்று அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். "முத்திரை மட்டும் ஒருத்தரும் ஒட்டமாட்டாங்க."

ஆனால் பிற்பகலில் ஒருவர் போய் மற்றவர் வரும் நேரத்தில் ஒரு காரியத்தை மட்டும் சேர்ந்து செய்தார்கள். கடுமையாக நோயுற்றவர்களின் கட்டிலுக்கு இரு பக்கமும் இருவரும் நிற்பார்கள். ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் பிடிப்பார்கள். மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் இருவரும் நாடியை எண்ணத் தொடங்குவார்கள். மறுபடி தலையசைத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கணக்கைச் சொல்வார்கள். கணக்கு ஒன்றாக வந்தால்தான் வேலை முடிந்து போகிறவர் கட்டிலை விட்டு நகர்வார்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரைச் சேர்ந்த வயதான முஸ்லிம் பெண் ஒருவர் காலில் புண்ணோடு கிடந்தார். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மிஸிமாரே, என்ன இது? கலியாணப் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் காப்புப் போடுறாப்பல இரிக்கி!"

மூத்தவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "ஒருத்தி தனியா எண்ணினா, அவ மனசில நினைச்ச கணக்குத்தான் உம்மா வரும். ரெண்டு பேரும் ஒண்டாப் பிழையா நினைக்கமாட்டம். எங்களுக்குள்ள அவ்வளவு ஒற்றுமை இல்ல."

இளையவர் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் அவர் உதடு விரிந்ததை நான் கண்டேன்.

நாங்கள் வந்த சில நாட்களில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் இறந்தாள். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவளுக்கும் நெருப்புக் காய்ச்சல்தான். அன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது என்று மதியம் அவளுடைய தகப்பன் கற்கண்டு வாங்கிவந்து கட்டில் கட்டிலாகக் கொடுத்தார். எனக்கும் விறாந்தைக்கு வந்து ஒரு துண்டு தந்தார். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய மெத்தையை வெளியே கல்லில் சாய்த்து வெயிலில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பதற்கு நான் பழகிக்கொண்டேன். மாமியோ ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தார்.

என் மனைவியின் காய்ச்சல் இறங்கிய நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மதியம் வாட்டுக்குள் போனபோது மாமி வாசலுக்கே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பல நாட்களுக்குப் பிறகு அப்படிக் கண்டேன். "மருமகன், காய்ச்சல் விட்டிட்டு! வந்து தொட்டுப் பாருங்க. என்ட புள்ளட உடம்பு பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு."

தொட்டுப் பார்த்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது. வியர்த்தும் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டு, "புள்ள சாப்பிடுறாளா?" என்று கேட்டாள். நாக்குக் குழறவில்லை. இளைய தாதி வெப்பமானியை உதறியபடி, "நல்லா இறங்கியிருக்கு. வடிவாக் கதைக்கிறா" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். காலையில் ஒரே நேரத்தில் இரண்டு புது நோயாளிகளைத் தோணியில் கொண்டுவந்திருந்தார்கள். அவர் வியர்த்துக் களைத்திருந்தார்.

மாமி ஏற்கனவே ஆயத்தங்களில் இறங்கிவிட்டார். தோய்த்து மடித்த நூல்சீலை ஒன்று கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கஞ்சி மூடிய செம்பில் முக்காலியின் மேல் இருந்தது. காய்ச்சல் விட்டவரை எழுப்பி இருத்தி, உடம்பு துடைத்து, காய்ச்சல் சீலையை மாற்றி, முதல் கஞ்சியைத் தாய் கையால் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். காய்ச்சல் சீலையோடு கிடந்தால் காய்ச்சல் வழி தெரிந்து திரும்பி வரும் என்பார்கள்.

"சாமம் முழுக்க இந்தச் சீலைக்குள்ளதான் கிடந்தவள். மிஸி அங்கால போகட்டும், மாத்திப்போடுவம்" என்று மாமி என் காதருகில் சொன்னார். தாதிமாரின் கட்டளைகளை அவர் அத்தனை நாளும் பொறுத்தார். காய்ச்சல் விட்டபின் அவர்களுக்கு என்ன வேலை என்பது அவர் நினைப்பு. அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

மனைவி கொட்டாவி விட்டாள். பல நாள் தூங்காதவளுக்கு இப்போது தூக்கம் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். சிறிது நேரத்தில் இன்னொரு கொட்டாவி. "காத்தே இல்ல" என்றாள். வாவிக் காற்று ஜன்னல் சீலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது மூத்த தாதி வேலைக்கு வந்தார். வழக்கம்போல நேராக எங்கள் கட்டிலுக்கு வந்து வலப்பக்கம் நின்றார். மாமி சலிப்போடு விலகினார். இளையவர் இடக்கையை எடுத்தார். தலையசைப்பு. எண்ணினார்கள். மறுபடி தலையசைப்பு.

"தொண்ணூற்றாறு" என்றார் இளையவர்.

"நூற்றுப் பதினெட்டு" என்றார் மூத்தவர்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. ஏறாவூர் உம்மா கால்புண்ணை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். கோழிச் சண்டை இப்போது வாட்டுக்குள் வரப்போகிறது என்று நானும் எதிர்பார்த்தேன். பிழை யாருடையது என்பதற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களை எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் பார்த்திருக்கிறேன்.

மூத்தவர் சொன்னார்: "என்ட விரல் பிழைச்சிருக்கும். கைய மாத்துவம்."

"இல்லை, நான்தான் விட்டிருப்பன்" என்றார் இளையவர். "நாடி நூல் மாதிரி ஓடுது. சிலது விரலுக்கு வரேல்லை. இன்னொருக்காப் பாப்பம்."

ஆயா இல்லாமல் அவர்கள் நேருக்கு நேர் பேசியதை அன்றுதான் கேட்டேன். அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

பக்கம் மாறி நின்று, இளையவர் விரலை இன்னும் மெல்ல வைத்து, மறுபடி எண்ணினார்கள். இம்முறை இருவரும் நூற்று இருபது என்றார்கள்.

"காய்ச்சல்?" என்று மூத்தவர் கேட்டார்.

"நல்லா இறங்கிப்போச்சு. காலமை இருந்ததைவிட..." இளையவர் வசனத்தை முடிக்கவில்லை. காய்ச்சல் இறங்கினால் நாடியும் இறங்க வேண்டும். இங்கே ஒன்று கீழே போக மற்றது மேலே ஏறியிருந்தது. அதை யாரும் எனக்கு விளக்கவில்லை. மூத்தவர் தலையைத் திருப்பி வெறுமையாகக் கிடந்த ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். பிறகு இளையவரைப் பார்த்தார். கற்கண்டு கொண்டுவந்த மனிதருடைய கை எனக்கு ஞாபகம் வந்தது. விரல்களில் ஒட்டியிருந்த சீனித் தூள் உட்பட.

"பான் பார்த்தனீங்களா?" என்றார் மூத்தவர்.

படுத்தபடியே மலம் கழிப்பதற்குக் கட்டிலின் கீழே எனாமல் தட்டு ஒன்று உண்டு. வாட்டில் அதைப் பான் என்பார்கள். நோயாளி அதைப் பாவித்தால் மூடி வைத்துவிட வேண்டும், ஆயா பார்த்து, தேவையென்றால் தாதியிடம் காட்டிய பிறகே கொட்ட வேண்டும் என்பது முதல் நாளே மாமிக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"இண்டைக்கு ஒண்டும் போகேல்லை எண்டுதான் தாய் சொன்னவா" என்றார் இளையவர்.

ஆயா குனிந்து பான் தட்டை வெளியே இழுத்தார். சுத்தமாக இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் நனைந்தது.

"இதக் காலையில நான் துடைச்சு வெயில்ல வச்சு எடுத்துப் போட்டது. இப்ப ஈரமாக் கிடக்கு. இதை ஆருகா கழுவின?"

மாமி ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

"ஆருகா கழுவினெண்டு கேக்கன்."

"கழுவினா என்ன இப்ப?" மாமி திரும்பினார். "என்ட புள்ளட அழுக்க நான் கழுவாம ஆரு கழுவுற? கலியாணம் முடிச்ச புள்ள. நீ அள்ளிக்கொண்டுபோய், மறுகா உன்ட அக்காக்குச் சொல்லி, அவ எங்கட துறை மட்டும் சொல்லுவாவாக்கும்!"

ஆயா பான் தட்டைத் தரையில் வைத்தார். வெற்றிலைச் சாறு உதட்டில் நின்றது.

மூத்த தாதி மாமிக்கு அருகில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அம்மா. நீங்க கழுவினது குற்றமில்ல. அது என்ன நிறம்? அது மட்டும் சொல்லுங்க."

மாமியின் முகத்தில் பிடிவாதம் இருந்தது. அதற்குள்ளே மெல்ல வேறொன்று நுழைந்ததைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏறாவூர் உம்மா தணிந்த குரலில் சொன்னார்: "சொல்லுங்க தங்கச்சி. புள்ளட உயிர விட வெக்கம் பெரிசா?"

"கறுப்பு" என்றார் மாமி. "தார் மாதிரி. ரெண்டு தரம். காய்ச்சல் எல்லாம் கழிஞ்சு போகுதெண்டு நினைச்சன்."

குடலில் இரத்தம் கசிகிறது. காய்ச்சல் இறங்கியதும் கொட்டாவி வந்ததும் அதனால்தான். உடம்பில் இரத்தம் குறைந்து, குளிர்ந்து, நெஞ்சு விரைவாக அடிக்கத் தொடங்கியிருக்கிறது. இவை எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த நேரத்தில் நான் கண்டது மூன்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்காமல் மூன்று திசைக்குப் போனதை மட்டும்தான். இளையவர் கஞ்சிச் செம்பை எடுத்து என் கையில் திணித்து, "வெளியால கொண்டுபோங்கோ, ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது" என்றார். ஆயா டாக்டரின் பங்களாவை நோக்கி ஓடினார். அந்த உடம்பால் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மூத்தவர் மனைவியின் தோளில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "மகள், நீ இப்ப ஒரு கல்லு. கல்லு திரும்பாது, எழும்பாது. என்ன?"

"சீலை மாத்தல்லையா?" என்று மனைவி கேட்டாள். அவளுடைய உதட்டின் நிறம் எங்கே என்று நான் தேடினேன்.

"மாத்தலாம். கல்லுக்கு அவசரமில்ல."

கட்டிலின் கால்மாட்டை உயர்த்த வேண்டும் என்றார்கள். தலை தாழ்ந்தால் இரத்தம் தலைக்கும் நெஞ்சுக்கும் போகுமாம். வாட்டில் இதற்கென்றே இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. ஒன்று கதவுக்கு அண்டைகொடுத்திருந்தது. மற்றது மருந்து அலுமாரியின் பின்னால் கிடந்தது. இரண்டும் இருக்கும் இடம் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் சொல்ல நான் போய் எடுத்துவந்தேன். ஆயா மூச்சிரைக்கத் திரும்பியதும் ஆயாவும் மூத்தவரும் கால்மாட்டு இரும்பை இரு முனையிலும் பிடித்தார்கள், இளையவர் நடுவில் பிடித்தார். அது கனத்த பழைய கட்டில். நான்காவது ஆள் வேண்டியிருந்தது. மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்களும் புடியுங்க. நான் கண்ணை மூடித் திறக்கக்குள்ள தூக்கவேணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. ஆட்டினா புண் கிழியும்."

மாமி ஆயாவுக்குப் பக்கத்தில் போய் இரும்பைப் பிடித்தார். சற்று முன் பேசிய பேச்சு இருவருக்கும் இடையில் இன்னும் நின்றது. ஆயா தன் கையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

நான் கட்டைகளோடு தரையில் மண்டியிட்டிருந்தேன். அங்கிருந்து பார்க்க நான்கு பெண்களின் கைகளும் முகங்களும் மட்டுமே தெரிந்தன. மூத்தவரின் கண் மூடித் திறந்தது. கட்டில் எழுந்தது. அது எழுந்ததைக் கால்களுக்கும் தரைக்கும் இடையில் வெளிச்சம் வந்ததால்தான் அறிந்தேன். மூத்தவர் மார்பில் தொங்கிய கடிகாரம்கூட ஆடவில்லை. கட்டைகளை உள்ளே தள்ளினேன். ஒன்று கோணலாக நின்றது. இளையவர் தன் காலால் அதை நேராக்கினார். நால்வரும் இறக்கியபோதும் சத்தம் வரவில்லை. மனைவியின் நெற்றியில் போட்டிருந்த ஈரத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். வயிற்றை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா என்னைக் கூப்பிட்டு வேலையில்ல. எழுப்பி இருத்தியிருந்தாலும் அப்படித்தான். இப்ப இரத்தம் தானா நிக்கவேணும். நிக்குமா எண்டு என்னைக் கேட்கவேணாம்."



ஆண்களுக்கான நேரம் முடிந்ததும் விறாந்தைக்கு வந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அங்கிருந்து எதுவும் தெரியாது, ஆனால் கேட்கும். இளைய தாதியின் வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் போகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை உள்ளே அமைதி விழும். பிறகு இரண்டு குரல்கள் சேர்ந்து ஒரு கணக்கைச் சொல்லும், ஒன்று தடித்த குரல், மற்றது மெல்லிய குரல். முதலில் கேட்ட கணக்கு முன்னதைவிடக் கூடியிருந்தது. அடுத்தது இன்னும் கூடியது. வாவியில் தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவன் பாடிக்கொண்டு வலையை உதறினான். அவனை எழுந்துபோய் அடிக்க வேண்டும் போலிருந்தது.

நான் பயத்தை அதுவரை ஓர் உணர்ச்சி என்று நினைத்திருந்தேன். அன்று மாலை அது காதில் இருந்தது. குரல்கள் வருவதற்கு முன் விழும் அமைதியில் என் மூச்சை நிறுத்திக்கொள்வேன், என் மூச்சு அந்தக் கணக்கில் கலந்துவிடும் என்பதுபோல. இரண்டு குரலும் வேறு வேறு கணக்கைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஒரே கணக்கைச் சொன்னபோது அது உண்மை என்பதால் பயந்தேன்.

இடையில் ஒருமுறை மாமி வெளியே வந்தார். என்னருகில் நின்றார், உட்காரவில்லை. "அவளுக்குச் சொல்லிப்போடாதிங்க மருமகன், நான் கழுவினதாலதான் பிந்தினதெண்டு" என்றார். பிறகு, "இல்ல, சொல்லுங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த கணக்கு கூடவில்லை. அதற்கும் அடுத்ததும் அதிலேயே நின்றது. பொழுது பட்டபின் காவற்காரன் வந்து என்னை வாசலுக்கு அப்பால் அனுப்பிவிட்டான். அங்கே குரல்கள் கேட்கவில்லை. அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை.

விடிந்து கதவு திறந்ததும் உள்ளே போனேன், அனுமதி கேட்காமல். கட்டிலின் இரு பக்கமும் இருவரும் நின்றார்கள். மூத்தவரின் உடுப்பு கசங்கியிருந்தது. இளையவரின் தலைமுடி அவிழ்ந்திருந்தது. தலையசைப்பு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நூற்று நாலு."

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. இளையவர் மனைவியின் கையை மெதுவாக மெத்தையில் வைத்தார். பிறகு மூத்தவரைப் பாராமல் ஆயாவிடம் சொன்னார்: "ஆயா, நான் போறன் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ. கோழிகளையும் கட்டிவைக்கச் சொல்லுங்கோ."

"கீரைக்கு வேலி போடச் சொல்லு" என்றார் மூத்தவர்.

ஏறாவூர் உம்மா போர்வைக்குள் சிரித்தார்.

இரத்தம் நின்றுவிட்டதா, மறுபடி வருமா என்பது உடனே தெரியவில்லை. பல நாட்கள் கட்டில் கட்டைகளின் மேலேயே நின்றது. அந்த நாட்களில் மாமி செய்த ஒன்றை அந்த வாட்டில் கிடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனைவி பான் தட்டைப் பாவித்த ஒவ்வொரு முறையும் மாமி அதை மூடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயிலுக்குத் தட்டம் கொண்டுபோவது போல, வாட்டின் நடுவால் நடப்பார். முதலில் ஆயாவிடம் காட்டுவார். ஆயா பார்த்துத் தலையாட்டினாலும் போதாது, தாதியிடமும் போவார். "பாருங்க மிஸி. நல்லாப் பாருங்க. நிறம் சரியா?"

"அக்கா, நாங்க சோறு தின்னுறம்!" என்று யாரோ கத்துவார்கள்.

"தின்னுங்க. ஆரு வேணாமெண்ட?" என்று மாமி நடந்துகொண்டே இருப்பார்.

மனைவி போர்வையால் முகத்தை மூடிக்கொள்வாள். அவளுக்கு வெட்கப்படுவதற்குப் பலம் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

நாங்கள் திரும்பிய அன்று அவள் தோணியில் உட்கார்ந்தபடி வந்தாள். துறையில் நின்றவர்கள் அவள் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே கண்டுவிட்டார்கள். ஆனாலும் தோணி மணலில் தட்டும்வரை யாரும் கூப்பிடவில்லை. மகள் தாயை உடனே அறியவில்லை. சித்தியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மெலிந்து தலைமுடி உதிர்ந்த அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

பயம் எங்களோடு தோணியில் வந்து வீட்டிலும் குடியேறியது. அவளுடைய நெற்றி சுட்டால் பயந்தோம். குளிர்ந்தால் அதைவிடப் பயந்தோம். ஒரு நாள் காலை அவள் கொட்டாவி விட்டாள். நானும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாமி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார், நான் இடப்பக்கம் உட்கார்ந்து என் கடிகாரத்தை எடுத்தேன்.

"என்ன ரெண்டு பேரும்? விடுங்க கைய. நித்திரை குழம்பித்தான் கொட்டாவி வருது" என்றாள் மனைவி.

"வாயப் பொத்து. எண்ணக்குள்ள கதைச்சாப் பிழைக்கும்" என்றார் மாமி.

நான் தலையசைத்தேன். எண்ணினோம். மறுபடி தலையசைத்தேன். எழுபத்தெட்டு என்றேன் நான். எண்பத்தைந்து என்றார் மாமி.

"என்ட விரல் பிழைச்சிருக்கும்" என்றார் மாமி.

"இல்ல மாமி, நான் விட்டிருப்பன்."

கைகளை மாற்றிக்கொண்டோம். அப்போதும் ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தது. மறுபடி எண்ணினோம். இரண்டு கணக்கும் ஒன்றாக வந்த பிறகுதான் மாமி எழுந்து போய்க் கஞ்சியை எடுத்து வந்தார்.